கர்நாடக இசைக் கச்சேரியைக் காது கொடுத்துக் கேட்க: சுருதியிலிருந்து தனி ஆவர்த்தனம் வரை

கச்சேரிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு பதற்றத்தைப் பார்க்கலாம். பாடகர் இரண்டு வரி இழுப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் "காம்போதி" என்று முணுமுணுப்பார். தனக்குத் தெரியவில்லையே என்று புதியவருக்குக் கூச்சம். அடுத்த பாட்டிலும் அதே கூச்சம். நாலைந்து கச்சேரிக்குள் "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுவார். ராகத்தின் பெயரைச் சொல்வதுதான் ரசனை என்ற எண்ணம் எத்தனையோ நல்ல காதுகளை இந்த இசையிடமிருந்து விரட்டியிருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் சுருதி, அடுத்து தாளம், அதற்குப் பிறகுதான் ராகம். ராகத்தின் பெயர் கடைசியில் வந்தால் போதும். பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தினமும் அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஆறு மாதத்தில் ஒரு முழுக் கச்சேரியைத் தொலைந்துபோகாமல் கேட்கலாம்.

முதல் படி: சுருதியில் உட்காருவது

தம்புராவை மட்டும் கேளுங்கள். கைபேசியில் தம்புரா செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நாலு தந்திகள் மாறி மாறி ஒலிக்கும். முதலில் கீழ்ப் பஞ்சமம், அடுத்து இரண்டு முறை ஸட்ஜம், கடைசியில் கனமான கீழ் ஸட்ஜம். 'ப ஸ ஸ ஸ' என்ற இந்தச் சுழற்சிதான் கச்சேரி முழுவதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு மெல்ல 'ம்ம்' என்று சேர்ந்து இழுத்துப் பாருங்கள். உங்கள் குரலும் தந்தியும் ஒன்றாகி, எது எதன் ஒலி என்று பிரிக்க முடியாத ஒரு இடம் வரும். அதுதான் ஸட்ஜம். அந்த இடத்தைக் காது பிடித்துக்கொண்டால், பிற்பாடு எந்த வித்வான் எங்கே சுற்றினாலும் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நிஜத் தம்புரா கிடைத்தால் இன்னும் நல்லது. தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற சிறு கட்டையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலை நுழைத்திருப்பார்கள். ஜீவாளி என்று பெயர். அதை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தும்போது, மொட்டையாக இருந்த ஒலி திடீரென்று ரீங்கரிக்கத் தொடங்கும். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத ஒரு காந்தாரமும் தானாகக் கேட்கும். கீழ் ஸட்ஜத் தந்தியின் மேலொலிகளில் ஒன்று அது. ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். அது கேட்கிற அளவுக்குக் காது தேர்ந்துவிட்டால், சுருதி விலகினால் உங்களுக்குத் தானாகவே முகம் சுளிக்கும்.

"என்ன சுருதி, ஐந்தரைக் கட்டையா?" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஹார்மோனியத்தின் கட்டைகளை வைத்துச் சொல்லும் கணக்கு அது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டைக்குள்ளும் பாடுகிறார்கள். யார் எந்தக் கட்டையில் பாடினாலும் ஸட்ஜம் ஸட்ஜம்தான். இந்த இசையில் ஸ்வரத்துக்கென்று உலகப் பொதுவான உயரம் கிடையாது, பாடகரின் குரல்தான் அளவுகோல்.

இரண்டாம் படி: கையில் தாளம்

ஆதி தாளம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை. இது நாலு. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. முதல் நாலு லகு, பின்னால் வரும் இரண்டு ஜோடிகளும் துருதம். எட்டும் முடிந்தால் ஒரு ஆவர்த்தனம்.

கச்சேரிகளில் அதிகம் வருவது இதுதான். அடுத்து ரூபகம், மேடையில் மூன்று எண்ணிக்கையாகப் போடுவார்கள். மூன்றும் நாலுமாக ஏழு வரும் மிச்ர சாபு, இரண்டும் மூன்றுமாக ஐந்து வரும் கண்ட சாபு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் நீங்கள் கேட்கப்போகும் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த நாலுக்குள் அடங்கிவிடும். முப்பத்தைந்து தாளங்களின் அட்டவணையை இப்போது தொடவே வேண்டாம்.

புதியவர்களைத் தடுமாற வைப்பது எடுப்பு. தாளம் தொடங்கும் இடம் சமம், பாட்டு தொடங்கும் இடம் எடுப்பு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தியாகராஜரின் பல கீர்த்தனைகளில் சமத்திலிருந்து ஒன்றரை எண்ணிக்கை தள்ளித்தான் பாட்டு விழும். தேசாதி என்பார்கள். தட்டு விழுந்த பிறகும் பாடகர் வாய் திறக்கவில்லையே என்று பயப்படாதீர்கள். கையை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருங்கள், பாட்டு தன் இடத்தில் வந்து சேரும். கணக்கு தப்பினால் பாடகரின் கையைப் பாருங்கள். மேடையில் தாளம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, பார்த்துப் போடுவதில் தவறே இல்லை.

மூன்றாம் படி: ஸ்வரங்களின் கணக்கு

இது சுருக்கமாகப் போதும். ஸ்வரங்கள் ஏழு. சிலப்பதிகாரத்தில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று வரும் அதே ஏழு. இவற்றில் ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. மத்தியமத்தில் இரண்டு வகை. ரி, க, த, நி நாலிலும் மும்மூன்று வகை. பெயர்களை எண்ணினால் பதினாறு, இடங்கள் பன்னிரண்டுதான். சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம் என்பதுபோலச் சில பெயர்கள் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

ரி-க சேர்க்கை ஆறு விதம், த-நி சேர்க்கை ஆறு விதம், பெருக்கினால் முப்பத்தாறு. அதைச் சுத்த மத்தியமத்தோடு ஒரு முறையும் பிரதி மத்தியமத்தோடு ஒரு முறையும் வைத்தால் எழுபத்திரண்டு மேளகர்த்தா (தாய்) ராகங்கள். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி வகுத்த சட்டகம் இது. சரளி வரிசை கற்கும் குழந்தைகள் தொடங்கும் மாயாமாளவகௌளை இதில் பதினைந்தாவது, சங்கராபரணம் இருபத்தொன்பது, கல்யாணி அறுபத்தைந்து.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இதில் மயங்கி நின்றுவிடாதீர்கள். மேளகர்த்தாவை மனப்பாடம் செய்தவர்கள் பலருக்கு ராகம் காதில் விழுவதில்லை.

நான்காம் படி: ராகத்தோடு பழகுவது

ராகம் என்றால் ஆரோகண அவரோகணம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அது எலும்புக்கூடு. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. இரண்டுக்கும் இதேதான், ஸ்வர வகைகள்கூட ஒன்றுதான். ஆனால் ஆரபி நிமிர்ந்து வேகமாக நடக்கும். காந்தாரத்திலும் நிஷாதத்திலும் நிற்காமல் தொட்டுவிட்டுப் போய்விடும். தேவகாந்தாரி அதே வழியில் மெதுவாக, அசைந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று இழைந்து போகும். ஸ்வரத்தை எப்படித் தொடுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்தப் பிடியை, அதாவது ஸ்வரத் தொடரை, திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்பதில்தான் ராகம் குடியிருக்கிறது.

அந்தத் தொடும் விதத்துக்குக் கமகம் என்று பெயர். தோடியின் காந்தாரத்தைக் கேட்டால் உடனே புரியும். அந்தக் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்திலிருந்து மத்தியமம் வரைக்கும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தைத்தான் நாம் காந்தாரம் என்கிறோம். அதை ஹார்மோனியத்தில் ஒற்றைக் கட்டையை அழுத்தி வாசித்தால் தோடி காணாமல் போய்விடும்.

பழகுவதற்கு நான் சொல்லும் வழி, ராகங்களை ஜோடி ஜோடியாகக் கேட்பது. முதல் ஜோடி மோகனமும் ஹம்ஸத்வனியும். இரண்டிலும் ஐந்து ஸ்வரம்தான். ஸ ரி க ப வரைக்கும் ஒன்றாக வந்து, மோகனம் தைவதத்துக்கும் ஹம்ஸத்வனி நிஷாதத்துக்கும் பிரிந்துவிடும். மோகனத்துக்குப் பூச்சி சீனிவாச அய்யங்காரின் 'நின்னுக்கோரி' வர்ணம், ஹம்ஸத்வனிக்கு முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்'. ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் என்பது கூடுதல் செய்தி. இரண்டையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஏழாவது நாளில் கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசம் சொல்வீர்கள்.

இரண்டாவது ஜோடி சங்கராபரணமும் கல்யாணியும். மத்தியமம் ஒன்றில் மட்டுமே வேறுபாடு, ஆனால் அந்த ஒரு ஸ்வரம் முழு முகத்தையும் மாற்றிவிடும். மூன்றாவதாக ஆரபி, தேவகாந்தாரிக்கு வாருங்கள். இந்த ஆறு ராகமும் காதில் ஏறிவிட்டால் புதிய ராகங்கள் தாமாகவே வரத் தொடங்கும்.

ஒரே ராகத்தை மூன்று விதமாகக் கேட்பதும் உதவும். குரலில் ஒரு ஆலாபனை (பாட்டு இல்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பது), வீணையில் ஒன்று, நாதஸ்வரத்தில் ஒன்று. வித்வானுக்கு வித்வான் மாறுவது எது, எல்லோரிடமும் மாறாமல் வருவது எது என்று கவனியுங்கள். மாறாமல் வரும் அந்தப் பிடிகள்தான் ராகத்தின் முகம்.

ஐந்தாம் படி: வாத்தியங்களை அடையாளம் காண்பது

வீணையில் தொடங்குகிறேன், ஏனென்றால் கமகத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற வாத்தியம் அது. இருபத்துநாலு மெட்டுகள் (தந்தியின் அடியில் விரல் வைக்கும் உலோகக் கட்டைகள்), தேன்மெழுகும் கரித்தூளும் குழைத்த மெழுகில் பதிக்கப்பட்டிருக்கும். வாசிக்கும் தந்திகள் நாலு, பக்கவாட்டில் தாளத்துக்கும் சுருதிக்கும் மூன்று. முன்வரிசையில் உட்கார்ந்து இடது கையைப் பாருங்கள். விரல் ஒரே மெட்டில் இருக்கும், தந்தியை மட்டும் பக்கவாட்டில் இழுப்பார்கள். ஒரு மீட்டலிலேயே இரண்டு மூன்று ஸ்வரங்கள் பிறக்கும். அந்த இழுப்பின் நீளத்தைக் கண் பார்க்கும்போது காது கமகத்தைப் புரிந்துகொள்கிறது. தஞ்சாவூரில் இதைப் பலா மரத்தில் செய்கிறார்கள். ஒரே மரத்தில் குடைந்தது ஏகாந்த வீணை, துண்டுகளை இணைத்துச் செய்தது ஒட்டு வீணை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். இங்கே வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. நின்று வாசித்ததை உட்கார்ந்து வாசிக்கிறார்கள், ஒரு முனை மார்பிலும் மறு முனை வலது பாதத்திலும் இருக்கும். தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறார்கள். கச்சேரியில் வயலின் பாடகரின் நிழல். ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்தில் அவரது கடைசிப் பிடியை மெல்லத் திருப்பிச் சொல்லும், பிறகு தன் முறை வரும்போது தன் கற்பனையைக் காட்டும். லால்குடி ஜெயராமனின் பழைய பதிவுகளில் பாடகரை மறந்துவிட்டு வயலினை மட்டும் ஒரு முறை பின்தொடர்ந்து பாருங்கள். பக்கவாத்தியம் என்ற சொல் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது விளங்கும்.

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். வலந்தலையில் நடுவே 'சோறு' என்னும் கருப்புப் பசை வட்டமாகப் பதித்திருக்கும். அதுதான் ஸட்ஜத்தில் கூடி நாதம் தருகிறது. இடந்தலை என்கிற தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்புவார்கள். அந்தக் 'கும்' என்ற கனத்த ஒலி அதிலிருந்து வருகிறது. கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். நடுவில் வித்வான் ஒரு சிறு கல்லால் வாரின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருப்பது சுருதியைச் சரிசெய்ய. தோலைத் தேர்ந்து, சோறு தேய்த்து, வார் பிடித்து இந்த நாதத்தை உண்டாக்குகிறவர்களின் பெயர் மேடையில் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட வேண்டும்.

கடம் வெறும் மண்பானை அல்ல. மானாமதுரையில் இதற்கென்றே தனிப் பக்குவத்தில் செய்கிறார்கள். வித்வான் பானையின் வாயைத் தன் வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் ஒலியை மாற்றுவதைப் பாருங்கள். கஞ்சிரா உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிய ஒற்றை முகத் தோல்கருவி. தோலின் உட்புறத்தில் தண்ணீர் தடவினால் குரல் இறங்கும். முன்பு உடும்புத் தோல் போட்டார்கள், உடும்பு இப்போது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால்தான் அது மேடைக் கருவியானது. சிறிய உலோகக் கருவியான மோர்சிங்கைப் பல்லிடுக்கில் வைத்து வாசிப்பார்கள்.

நாதஸ்வரமும் தவிலும் தனி உலகம். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த குழல், வாயில் வைத்து ஊத நாணலில் செய்த சீவாளி. வாத்தியத்தில் உபரிச் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். உதடும் மூச்சும் சீவாளியை எப்படிப் பிடிக்கின்றன என்பதில்தான் கமகம் எல்லாம் இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியை ஒலிப்பதிவில் கேட்டாலே போதும், ஆலாபனை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. தவிலில் ஒரு பக்கம் கழி, மறு பக்கம் விரல்களில் மாட்டிய கூடு. இந்த இணையை மண்டபத்துக்குள் ஒலிபெருக்கி வைத்துக் கேட்பது கொடுமை. திறந்த வெளியில், கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டும். சபாக்கள் இவர்களுக்கு இன்னும் நிறைய நேரம் தர வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஹிந்துஸ்தானி இசைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி வீணாகாது. நம் மோகனம் அங்கே பூப், கல்யாணி யமன், ஹிந்தோளம் மால்கௌன்ஸ். மிருதங்கத்தின் இடத்தில் தபலா, நாதஸ்வரத்தின் உறவுக்காரராக ஷெனாய். ராகத்தை விரிக்கும் வேகம் அங்கே மிக நிதானம். அதற்குப் பொறுமை வேண்டும்.

ஆறாம் படி: கச்சேரியின் போக்கு

இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்புக்கு வடிவம் கொடுத்தவராக அரியக்குடி ராமானுஜ அய்யங்காரைச் (1890–1967) சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் ஒன்றிரண்டு ராக ஆலாபனையோடு, பிறகு பிரதான உருப்படி, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்கள், முடிவுப் பாட்டான மங்களம். நேரம் இருந்தால், ஒரு ராகத்தையும் ஒற்றை வரியையும் நீளமாக விரிக்கும் ராகம் தானம் பல்லவியும் உண்டு.

கவனிக்க வேண்டியது மூன்று இடம். ஆலாபனையில் தாளம் கிடையாது, சொற்களும் கிடையாது. கீழ் ஸ்தாயியிலிருந்து படிப்படியாக ஏறி, மேல் ஸட்ஜத்தைத் தொடும் தருணத்துக்குக் காத்திருங்கள். நிரவலில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்கள் தாளத்தில் விழும் இடம் மாறாமல் மெட்டை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்கள். இதற்குச் சாஹித்யம், அதாவது பாட்டின் சொற்கள், புரிந்தால் இரட்டிப்புச் சுகம். அதனால் தமிழர்கள் கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் பாடல்களில் நிரவல் கேட்டுத் தொடங்குவது நல்லது. பிறகு தியாகராஜர், சியாமா சாஸ்திரி, தீட்சிதர் மூவரின் தெலுங்கு, சமஸ்கிருத வரிகளுக்குப் பொருள் தெரிந்துகொண்டு போங்கள். அடுத்தது கற்பனை ஸ்வரம். எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒவ்வொரு முறையும் பாட்டு எடுப்புக்குச் சரியாக வந்து விழும். கையில் தாளம் இருந்தால் அந்த விழுகையை நீங்களும் சேர்ந்தே பிடிப்பீர்கள்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் காட்சி. கணக்கு புரியாததால் போகிறார்கள் என்றால், ஒரு சின்னக் கணக்கைச் சொல்கிறேன். ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை, ஆக ஆவர்த்தனத்துக்கு முப்பத்திரண்டு. பின்பாதியில் பதினாறு. அதில் ஒரு மாத்திரையை விட்டுவிட்டு 'ததிகிணதொம்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லை இடைவெளி இல்லாமல் மூன்று முறை சொல்லுங்கள். மூவைந்து பதினைந்து, விட்ட ஒன்றோடு பதினாறு. அடுத்த தட்டு சமம். தீர்மானம் என்பது இதுதான். எதையும் மூன்று முறை சொல்லி முடிப்பது இலக்கணம். வித்வான்கள் இதையே பல மடங்கு விரித்து, நடுநடுவே இடைவெளி வைத்து, கோர்வையாகக் கட்டுகிறார்கள். மிருதங்கமும் கடமும் முதலில் நீளமாகவும் பிறகு சுருங்கிக்கொண்டே வரும் துண்டுகளாகவும் மாறி மாறி வாசிக்கும்போது, ஒருவர் சொன்னதை மற்றவர் எப்படித் திருப்பிச் சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். கடைசியில் மோரா என்ற முடிவுச் சொற்கட்டும் கோர்வையும் வரும். கோர்வை மூன்றாவது முறை முடியும் இடத்தில் பாடகர் பாட்டை எடுப்பார்.

துக்கடாவில் விருத்தம் பாடினால் தாளத்தை விட்டுவிட்டுச் சொல்லில் மனத்தை வையுங்கள். திருப்புகழ் வந்தால் அருணகிரிநாதரின் சந்தம் உங்கள் கையை எங்கெல்லாம் இழுக்கிறது என்று பாருங்கள். தியாகராஜரின் 'நீ நாம ரூபமுலகு' சௌராஷ்டிர ராகத்தில் தொடங்கினால் கச்சேரி முடிகிறது.

எங்கே போய்க் கேட்பது

மார்கழியில் சென்னையில் இருக்க முடிந்தால், மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் தேடி அலைவதைவிடப் பிற்பகல் கச்சேரிகளுக்குப் போங்கள். பல சபாக்களில் அவை இலவசம், பாடுகிறவர்கள் இளைஞர்கள், அரங்கில் கூட்டம் குறைவு, முன்வரிசை கிடைக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மிருதங்கக்காரரின் வலது கை தெரிகிற பக்கமாக உட்காருங்கள், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வேண்டாம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யர் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். இன்றைய அரங்குகளின் இரைச்சலில் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிகிறது. தமிழ்ப் பாடல்களுக்கென்றே 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கும். அதையும் பட்டியலில் வையுங்கள்.

தை மாதம் வாக்கில் வரும் புஷ்ய பகுள பஞ்சமி அன்று திருவையாற்றில் காவிரிக்கரையில் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகம், ஐந்தும் ஆதி தாளம். கையில் தாளத்தோடு உட்கார்ந்தால் இரண்டாவது படியில் பழகியது அத்தனையும் அங்கே கைகொடுக்கும், மூன்றாவதாக வருவது நீங்கள் ஏற்கெனவே பழகிய ஆரபி. சென்னைக்கும் திருவையாற்றுக்கும் போக முடியாதவர்கள், பக்கத்துப் பெரிய கோயிலில் திருவிழாவின்போது சுவாமி புறப்பாட்டு நேரத்தை விசாரித்துக்கொண்டு கால்மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். சுவாமி வெளியே வரும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிப்பார்கள், அதற்குச் சாஹித்யமே கிடையாது.